வாசகர் கேள்வி பதில்: மென்மயிர்த் தோல் தொங்கும் மாடி

கேள்வி: கனடாவின் வின்னிபெக்கில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். லோயர் ஃபோர்ட் கேரி என்ற பழைய தோல் வியாபாரக் கோட்டைக்குப் போகலாம் என்கிறான். பேரப்பிள்ளைகளோடு போகிற அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

பதில்: தாராளமாகப் போங்கள், கோடையில் போங்கள், அப்போதுதான் அந்தக் கால உடையில் ஆட்கள் இருப்பார்கள். பீரங்கியும் போரும் எதிர்பார்க்காதீர்கள். ஹட்சன்ஸ் பே கம்பெனி என்கிற பிரிட்டிஷ் தோல் வியாபாரக் கம்பெனி நிர்வாகம் பண்ணக் கட்டிய இடம் அது. 1826 வெள்ளம் ஆற்றின் மேல்பக்கம் இருந்த கம்பெனியின் பழைய கோட்டையை நாசமாக்கிவிட, கம்பெனியின் கவர்னர் ஜார்ஜ் சிம்ப்சன் ரெட் ஆற்றோரமாக முப்பது கிலோமீட்டர் போல கீழே வந்து, மேட்டுநிலமாகப் பார்த்து 1830-இல் சுண்ணாம்புக்கல்லில் கட்ட ஆரம்பித்தார். ஜனங்களோ பழைய இடத்தை விடவில்லை, 1835-இல் கம்பெனி அங்கேயே இன்னொரு கோட்டை கட்டவேண்டியதாகிவிட்டது! இங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துக் கட்டடங்களேதான்.

நேரம் குறைவென்றால் மற்றதை விட்டாலும் விடுங்கள், கடைக்கு மேல்மாடியை மட்டும் விடாதீர்கள். உத்தரத்திலிருந்து நரி, ஓநாய், ஆற்றில் அணைகட்டி வாழும் பீவர் என்று தோல்கள் வரிசையாகத் தொங்கும். பீவர் தோலை உற்றுப் பார்த்தால் மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சு போல அடர்த்தியாக இன்னொரு அடுக்கு தெரியும். ஐரோப்பாவில் தொப்பி செய்ய வேண்டியிருந்தது அந்த அடிமயிர்தான். இதில் வேடிக்கை, ஆரம்ப காலத்தில் பூர்வகுடிகள் மயிர்ப்பக்கம் உள்ளே வர உடுத்திப் பழசாக்கிய தோலுக்குத்தான் கிராக்கி, உடம்பில் உரசி உரசி முரட்டு மயிர் தானே உதிர்ந்திருக்கும்.

பதினேழு வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது.

கேள்வி: பூர்வகுடிகளை ஏமாற்றிய கம்பெனியின் கோட்டையை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் தோல் கொண்டுவந்தது, வழி காட்டியது, படகு வலித்தது, பெமிக்கன் என்கிற காய்ந்த இறைச்சி உணவைத் தந்தது எல்லாம் பூர்வகுடிகளும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவரான மெட்டி மக்களும்தான். கோட்டையை இடித்துவிட்டால் அந்தக் கதையும் சேர்ந்துதான் போகும். அதுவும் இதே கோட்டையில்தான் 1871 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அனிஷினாபே, கிரீ என்கிற பூர்வகுடிகளின் தலைவர்களோடு கனடா அரசு நிலத்துக்காகச் செய்த முதலாம் ஒப்பந்தம் (Treaty 1) கையெழுத்தானது. அதன்படி அரசு அவர்களுக்குத் தர வேண்டியது தலைக்கு வருஷம் மூன்று டாலர், 1875-இல் அது ஐந்தானது. இன்றைக்கும் அதே ஐந்து டாலர்தான், விலைவாசிக்கு ஏற்ப உயரவே இல்லை! வழிகாட்டி தொப்பிக் கதையோடு நிறுத்திக்கொண்டால் ஒப்பந்தத்தைப் பற்றி நீங்களே கேளுங்கள்.

கேள்வி: தண்டர் பேயில் இருக்கும் ஃபோர்ட் வில்லியமும் இதே மாதிரிதானா?

பதில்: இல்லை. அது நார்த் வெஸ்ட் கம்பெனியுடையது, ஹட்சன்ஸ் பேயின் போட்டியாளர், 1821-இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இப்போது நிற்பது வேறு இடத்தில் புதிதாக எழுப்பியது, அதற்காக மட்டமில்லை, குழந்தைகளுக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். அசலைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஹட்சன் விரிகுடாவில் யார்க் ஃபாக்டரி இருக்கிறது, ஆனால் சாலை கிடையாது, விமானம் இல்லாவிட்டால் படகு, பர்ஸைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.