வசூல் வேலைக்குத் திரும்ப வேண்டாம், தங்கச்சி

மதுரையில் ஆறு வருடம் கடன் வசூல் செய்திருக்கிறீர்கள். வாசலில் நின்று பெண்களை அழ வைத்த வேலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி மலேசியாவில் சுங்கை சிப்புட் வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கேயும் ஒரு கடன் கம்பெனியில் அதே வேலை தயாராக இருக்கிறது, வீட்டுக்காரரின் சொந்தங்கள் போகச் சொல்கிறார்கள், உங்களுக்கு மனசு வரவில்லை. 31 வயதில் முதலிலிருந்து தொடங்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். நான் 34 வயதில் தொடங்கினேன், இதே ஊரில்.

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். 2006-ல் கல்யாணமாகி வந்தேன். பி.காம் படித்திருந்ததால், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு வெளிநாட்டு ஆட்களை அனுப்பும் ஒரு காண்டிராக்டரிடம் கணக்கு வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. ஆட்களின் கடப்பிதழ்கள், அதாவது பாஸ்போர்ட்டுகள், எல்லாம் அதற்குள்தான். அடுத்தவர் கடப்பிதழை அப்படிப் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ் சட்டப்படி குற்றம். அது தெரிந்த பிறகும் ஒரு வருடம் அங்கேயே இருந்தேன். ஒருநாள் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் வந்தான். அம்மா இறந்துவிட்டார், ஊருக்குப் போக வேண்டும், கடப்பிதழைக் கொடுங்கள் அக்கா என்றான். சாவி என் கையில்தான் இருந்தது. "முதலாளி வரட்டும் தம்பி" என்றேன். மூன்று நாள் வந்து வாசலில் நின்றான். கடைசியில் அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். வேறு என்ன செய்யப்போகிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தச் சாவியை இனிமேல் தொட மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. உங்களுக்கும் இப்போது அவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டுப் பாட்டி. முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் தோட்டத்தில் விடியும் முன்பே வெட்டுக்குப் போவார்கள், அந்தப் பழக்கத்தில் கடைசி வரை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அவருக்கு வேலையும் போனது, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போனது. தோட்டத்தில் வேலை இருந்தால்தானே வீடு! ஐம்பது வயதுக்கு மேல் கீரை போட்டுப் பிழைத்தார். இந்த ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன், துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதைப் பாட்டி நேற்று நடந்ததுபோல் சொல்வார்.

அவரிடம்தான் மண் வேலை கற்றேன். இங்கே மழை அதிகம், மண்ணில் புளிப்பும் அதிகம். சுண்ணாம்பு போடாமல் என் முதல் சிறுகீரைப் பாத்தி முழுக்க வீணாகிவிட்டது. இப்போது கால் ஏக்கர் வாடகை நிலத்தில் சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வல்லாரை போடுகிறேன். வேலியோரம் முருங்கை. காலைச் சந்தையில் விற்கிறேன். முதல் இரண்டு வருடம் பழைய சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. நகையை அடகு வைத்தேன், மாமியாரோடு பேச்சு நின்றுபோனது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்திருந்தால் அவ்வளவு அடிபட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் காகித விஷயம். இதில் அவசரம் கூடாது. மலேசியரின் மனைவியாக நீண்டகால விசாவில் இருக்கும் நாம் வேலைக்குப் போக வேண்டுமானால் குடிநுழைவுத் துறையில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வட்டிக்கடையோ பள்ளிக்கூடமோ, யார் கூப்பிட்டாலும் அது இல்லாமல் போகாதீர்கள். சொந்தத் தொழில் என்றால், தனியாள் வியாபாரத்தைக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் பதிவு செய்ய முடியும். எனக்கு நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) கிடைக்கும் வரை கடை வீட்டுக்காரர் பெயரில்தான் இருந்தது. அதனால் அவரிடம் முதலில் மனம்விட்டுப் பேசுங்கள், சொந்தக்காரர்களுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம். யாராவது வேலை கொடுத்தால் சம்பளத்தையும் பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்).

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த ஆறு வருடத்தை வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஆட்கள் கடன் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். லைசென்ஸ் உள்ள வட்டிக்கடை அடமானம் இல்லாத கடனுக்கு வருடம் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது, அடமானம் இருந்தால் 12. இது எத்தனை பேருக்குத் தெரியும்? கையில் அவசரம் வந்தால் நேரே லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போய் நிற்கிறார்கள். கடனில் சிக்கியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல 2006-ல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய ஏகேபிகே என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே போகத் தயங்கும் பெண்கள் என் கடைக்கே தினமும் வருகிறார்கள். வசூலிக்க வருபவர் எப்படிப் பேசுவார், எதை மறைப்பார் என்பது உங்களுக்கு உள்ளும் புறமும் தெரியும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்ட உங்களைவிட வேறு யார் இருக்கிறார்கள்? அதில் உடனே சம்பளம் வராது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு ஏதாவது செய்துகொண்டே இதைத் தொடங்கலாம்.

மலாய் கற்றுக்கொள்ளுங்கள். 'பெராப்பா?' (எவ்வளவு?) என்ற ஒரு சொல்லோடுதான் நான் சந்தைக்குள் நுழைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வாருங்கள், ஏழு மணிக்கு முன்னால் வந்தால் பேச நேரம் இருக்கும். இரண்டு பேருமாகப் பசியாறலாம். கடன் பத்திரத்தோடு ஓர் அக்கா அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.