தோட்டை அடகு வைக்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் அனிமேஷன் டிப்ளோமா, இரண்டாம் வருடம். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. வரிசை வீடான லயத்தில் எங்கள் அறைதான் காம்பரா. அதன் ஜன்னலை அட்டையால் அடைத்து, ஒரு துளை போட்டு, எதிர்மலை சுவரில் தலைகீழாக விழுவதைப் படம் எடுத்தேன். தேயிலை இலைகளை மருந்து பூசிய தாளில் வைத்து, வெயிலில் காட்டி எடுக்கிற சயனோடைப் நீல அச்சுப் போட்டேன். தோட்டத்தில் மாசியில் ஆடும் காமன் கூத்தின் ரதியையும் மதனையும் களிமண்ணில் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுக்கிற ஸ்டொப் மோஷன் தொடங்கினேன். இரவு ரயிலின் வெளிச்சக் கோடு, அம்மா கொழுந்து எடுப்பதைப் பார்த்து வரைந்த படங்கள் என்று இன்னும் இருக்கின்றன. ஒன்றும் முடியவில்லை. "எல்லாம் சிதறிக் கிடக்கிறது. நீ போட்டோகிராபரா, அனிமேட்டரா, முடிவு செய்" என்கிறார் விரிவுரையாளர். இறுதி புரொஜெக்டுக்குத் தோட்டத்தை எடுத்தால் பழைய விஷயம் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. போன் கெமரா காணாது என்று நான் புலம்பியதைக் கேட்டு, தோட்டை அடகு வைத்துக் கெமரா வாங்கித் தருவதாக அம்மா சொல்கிறார். இதற்குள் பக்கத்து லயத்துப் பெரியம்மா, "எங்களப் படம் புடிச்சு யாருக்குக் காட்டப் போற?" என்று ஏசிவிட்டார். நான் என்ன செய்ய?

— பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்:

அன்புத் தங்கச்சி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோடு அம்மாவின் காதிலேயே இருக்கட்டும்.

ஒரு சின்னக் கணக்குப் பார். நீ முடித்துக் கொடுக்கப்போகும் படம் பெரும்பாலும் 1920க்கு 1080 அளவில்தான் இருக்கும். அதில் ஒரு பிரேமுக்கு வேண்டியது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சல். உன் கையில் இருக்கும் போன் அதைவிடப் பல மடங்கு எடுக்கும். மாணவர்களின் ஸ்டொப் மோஷன் பெரும்பாலும் வேறு இரண்டு காரணங்களால் கெட்டுப்போகிறது. நடுவில் போன் அசைந்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தால் படம் முழுக்கத் துடித்துக்கொண்டிருக்கும். ஆகவே அசையாத ஒரு ஸ்டாண்ட், ஒரே மாதிரியான இரண்டு எல்இடி பல்ப், ஜன்னலை மூட ஒரு கறுப்புத் துணி, இவ்வளவும் வாங்கு. போகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டி வைக்கிற ஒரு ஆப்பைப் போனில் ஏற்று. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கெமராவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

நம் ஊரில் ஜன்னல் வெளிச்சத்தை நம்பவே கூடாது. ஒரு பொம்மையின் கையைத் தூக்குவதற்குள் மூடுபனி வந்து மலையை மறைத்துவிட்டுப் போய்விடும். பல்ப் வெளிச்சத்திலும் துடித்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வை. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த எண்கள் அதோடு ஒத்துப்போகும். அப்புறம், படம் எடுக்கும்போது வெள்ளைச் சட்டை போடாதே. சட்டையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் நீ நகர நகர மாறி, அதுவும் படத்தில் விழும். இரவு ரயிலுக்கு நல்ல கெமரா தேவைதான். படிக்கிற இடத்தில் இரவல் தருவார்களா என்று கேள். தராவிட்டால் ரயிலை விட்டுவிடு, குடி முழுகிப் போகாது.

சரி, விரிவுரையாளர் சொன்னதற்கு வருவோம். சிதறிக் கிடக்கிறது என்பதில் அவர் சொல்வது சரி. போட்டோகிராபரா அனிமேட்டரா என்று அவர் கேட்டதில் எனக்கு உடன்பாடில்லை. 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கெமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புவது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. அவர் எடுத்த அசைவுப் படங்களை அனிமேஷன் படிப்பவர்கள் இன்றைக்கும் மேசையில் வைத்துக்கொண்டு வரைகிறார்கள். போட்டோ எடுக்கத் தெரிந்த அனிமேட்டருக்கு ஒரு கை கூடுதல், அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் எதைப் பற்றி ஆக அதிகமாக எழுதியிருப்பாய் என்று தேடினேன். அம்மா கொழுந்து எடுப்பதைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் பட்டியலின் கடைசியில். எனக்கு அங்கேதான் படம் தெரிகிறது.

கொழுந்து எடுப்பதை வெளியாட்கள் இரண்டு இலை ஒரு மொட்டு, சிரித்த முகம் என்று ஒரே ஒரு கணமாகத்தான் பார்க்கிறார்கள். நீ அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் பார். போனை ஸ்லோ மோஷனில் வைத்து, ஒரு வினாடிக்கு 120 பிரேம் வருகிற மாதிரி, அம்மா எடுப்பதைப் பக்கவாட்டிலிருந்து பதிவு செய். பிறகு லெப்டொப்பில் ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிப் பார். கை செடிக்குள் போகிறது, விரல்கள் கிள்ளுகின்றன, மணிக்கட்டு திரும்புகிறது, அடுத்த கை அதற்குள் புறப்பட்டுவிட்டது. உள்ளங்கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிகிறார். எறிகிற அந்த வீச்சில் எங்கே வேகம், எங்கே தாமதம் என்று குறித்து வை. எல்லாப் பிரேமையும் அப்படியே கண்ணாடியில் வைத்துப் பிரதி எடுக்காதே. அசைவுக்குப் பாரமே இல்லாமல் மிதக்கிற மாதிரி ஆகிவிடும். நான்கு, ஐந்து முக்கிய நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு இடைப்பட்டதை நீயே வரை.

பாரம் என்றதும் இன்னொன்று. முதல் வருடத்தில் பந்து குதிப்பதையும் மூட்டை தூக்குவதையும் வரையச் சொல்லியிருப்பார்கள். எடையைக் காட்டப் பழக்குகிற பாடம் அது. உன் வீட்டில் அந்தப் பாடம் தினமும் நடக்கிறது. காலையில் வெறுங்கூடையோடு மலைக்கு ஏறுகிற அம்மாவின் நடையையும், நிறை கூடையோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குகிற நடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். கூடைக் கயிறு தலையில் இழுக்கும்போது கழுத்து எவ்வளவு முன்னால் வருகிறது? சறுக்குகிற பாதையில் பாதம் எப்படி ஊன்றுகிறது? இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்கு ஈரமாகிக் கனக்கும்போது அடி எவ்வளவு சுருங்குகிறது? முகமே காட்டாமல், நடையை வைத்து மட்டும் ஒரு நாளைச் சொல்லிவிடலாம். உன் வகுப்பில் இதை உன் அளவுக்குத் தெரிந்து வரையக்கூடியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

படம் 20 வினாடி போதும். வினாடிக்கு 24 பிரேம் என்றாலும், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம். மொத்தம் 240. இதைத் தாண்டாதே. நிமிடக் கணக்கில் திட்டம் போட்டதால்தான் உன் புரொஜெக்டுகள் பாதியில் நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

அந்த நீல அச்சுக்கு இந்தப் படத்துக்குள் இடம் இருக்கிறது. ஜோன் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை அது. இரும்பு உப்பு பூசிய தாளை வெயிலில் வைத்துத் தண்ணீரில் கழுவினால் நீலம் நிற்கும். அந்த நீலத் தாளைக் கடும் சாயத் தேத்தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்திருக்கிறாயா? தேயிலையில் உள்ள டனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து நீலத்தைக் கருமையாக்கும், தாளில் பழுப்பு ஏறும். ஊறுகிற நேரம் கூடக் கூட நிறமும் கறுக்கும். இப்போது யோசி. படத்தின் கடைசி 5 வினாடியை, அதாவது 60 படத்தை, சயனோடைப்பாக அச்சடி. அம்மா மடுவத்துக்கு இறங்குகிற நடை. முதல் தாள் சுத்த நீலம், பிறகு வருகிற ஒவ்வொன்றும் தேத்தண்ணீரில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஊறியது. கூடை கனக்கக் கனக்கப் படம் கறுத்துக்கொண்டு வரும். அந்தக் கறுப்பு தேயிலையிலிருந்தே வந்தது என்று நீ எங்கேயும் எழுதிக் காட்டத் தேவையில்லை. விரிவுரையாளர் கேட்டால் சொல்.

வரைந்ததில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி, ஓஎச்பி என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்தால் நெகடிவ் தயார். ஒரு ஏ4 தாளில் நான்கு படம் வைத்தால் 15 தாளில் முடிந்துவிடும். வைகாசி தொடங்கினால் நம் மேற்குச் சரிவில் மழைதான், அச்சு வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வை. வெயில் ஒரே மாதிரி இருக்காது, ஆகவே ஒவ்வொரு நாளும் முதலில் ஒரு துண்டுத் தாளில் நேரம் பார்த்துக்கொள். நீல அச்சு மருந்துகளை அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதே, சமையல் பாத்திரத்தில் கலக்காதே. அவற்றில் ஒன்றான பொட்டாசியம் பெரிசயனைட்டைச் சூடாக்கவோ, அசிட்டோடு சேர்க்கவோ கூடாது, நச்சு வாயு வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் பூட்டி வை.

பழைய விஷயம் என்கிற பயத்துக்கு வருகிறேன். உன் ஊரில் சென் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பாய். அங்கே ஜூலியா மார்கரட் கெமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இங்கிலாந்தின் பெரிய போட்டோ கலைஞர்களில் ஒருவர். 48 வயதில் முதல் கெமரா கிடைத்து, போகஸ் தெளிவில்லை என்று விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் வந்தார், 1879இல் திக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். இங்கே அவர் எடுத்ததில் எஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றில் தோட்டத்து மனிதர்களும் இருக்கிறார்கள். நல்ல படங்கள்தான். ஆனால் அதில் நிற்பவர்களில் பலர் யார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து இன்று லிப்டன் சீட்டுக்கும் தெமோதரைப் பாலத்துக்கும் வருகிற சுற்றுலாப் பயணிகள் வரை வெளியிலிருந்து எடுத்தது ஏராளம். காம்பராவுக்குள்ளிருந்து, அந்தக் கூடையின் எடை தெரிந்த ஒருத்தி அசைய வைத்தது எத்தனை? நீ தோட்டத்தை விட்டு டிரகன் மாதிரிக் கற்பனைப் படம் செய்ய விரும்பினால் தாராளமாகச் செய், அதுவும் நல்ல வேலைதான். வெட்கப்பட்டுக்கொண்டு டிரகனிடம் ஓடாதே.

பெரியம்மா ஏசியதில் நியாயம் இருக்கிறது. வேலை நேரத்தில் ஒருவரை நில், திரும்பு, சிரி என்றால் அவருக்குக் கிலோ குறையும், குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். உன் போட்டோவுக்கு அவர் சம்பளம் போகிறது. ஆகவே மலையில் அம்மாவை மட்டும் எடு, அதுவும் அவர் வேலையை நிறுத்தாமல். கங்காணியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. மற்றவர்களை ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில், கேட்டுவிட்டு எடு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே. பெரியம்மாவிடம் கெமரா இல்லாமல் போய், அம்மாவின் நடையை வரைந்த தாள்களைக் காட்டு. "இப்பிடியா நாங்க நடக்குறோம்?" என்று சிரிப்பார், இல்லாவிட்டால் எங்கே பிழை என்று எழுந்து நடந்து காட்டுவார். அவர் காட்டுகிற திருத்தம் வகுப்பில் கிடைக்காது. படம் முடிந்ததும் கொழும்பில் ஒப்படைக்கும் முன்பே லயத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டு. உதவியவர்களின் பெயரை அவரவர் சம்மதித்தால் கடைசியில் போடு.

காம்பராச் சுவரில் தலைகீழாக விழுந்த மலையை இந்தப் படத்தின் பின்னணி ஒன்றுக்கு எடுத்துக்கொள்ளலாம், விடியற்காலைக் காட்சிக்குப் பொருந்தும். ரதியையும் மதனையும் இப்போதைக்கு ஒரு பெட்டியில் போட்டு மூடு. களிமண் எப்படியும் காய்ந்து வெடித்திருக்கும். அடுத்த முறை உள்ளே அலுமினியக் கம்பி முறுக்கி, பிளாஸ்டிசீனில் செய். அது காயாது, கையும் காலும் மடக்கின இடத்தில் நிற்கும். இந்த மாசியில் தோட்டத்தில் காமன் ஊன்றிக் கூத்து நடந்தால் படம் எடுக்காமல் போய், ரதி அழும்போது தோள் எப்படிக் குலுங்குகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
அக்கா