மியாஜிமா தோரீ வாயில்: நாளை காலை போங்கள்

இன்று மாலை 4 மணிக்குப் போனபோது தோரீ வாயில் தண்ணீரில் இல்லாமல் சேற்றில் நின்றதே என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பானின் மியாஜிமா தீவில், இட்சுகுஷிமா ஆலயத்தின் முன் கடலில் நிற்கும் அந்த வாயிலை, நாளை காலை பத்தரை வாக்கில் தண்ணீரில் பார்க்கலாம். நீங்கள் போனது தாழ் ஓத நேரமாக, அதாவது கடல்நீர் இறங்கியிருந்த நேரமாக இருக்கும். கடல் சுமார் 6 மணி நேரம் ஏறும், அடுத்த 6 மணி நேரம் இறங்கும். நேரம் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும்.

கிளம்பும் முன் மியாஜிமா ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர்மட்டம் 250 செ.மீ.க்கு மேல் என்றால் இட்சுகுஷிமா ஆலயமே மிதப்பதுபோல் தெரியும். 100க்குக் கீழே என்றால் வாயில்வரை நடக்கலாம். அதுவும் அழகுதான், ஏமாற்றமாக நினைக்காதீர்கள்!

ஒன்று: அரைநிலா நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு; தண்ணீர் முழுக்க வற்றாது.

அப்புறம், தீவுக்குப் படகு கிளம்பும் மியாஜிமாகுச்சியில் படகேறும் முன் அனகோமேஷி, அதாவது கடல் விலாங்குமீன் சோறு, கட்டாயம் சாப்பிடுங்கள்.