எலும்புக்கு ஊசி போடும் முன் சிறுநீரகக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68, எடை 44 கிலோ. 12 வருடமாகச் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.1. வருடத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போடலாம் என்கிறார் எலும்பு டாக்டர். அது கிட்னியைக் கெடுத்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். கிரியாட்டினின் 1.1 நார்மல் என்றுதான் டாக்டர் சொன்னார். மூட்டுவலிக்கு அசெக்ளோஃபெனாக், கூடவே கால்சியம் மாத்திரை, ஒரு வருடத்துக்கு மேலாக வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட் என்று எடுத்து வருகிறார். ஊசி போடலாமா? பிரண்டை, கேழ்வரகு என்று உணவிலேயே சரிசெய்ய முடியாதா?

பதில்: உங்கள் அம்மாவுக்கு எலும்புக்கான மருந்து கட்டாயம் தேவை. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அது ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்வு. அதோடு, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அடுத்த முறிவு முதுகெலும்பிலோ இடுப்பிலோ வரலாம். இந்த வயதில் இடுப்பு முறிந்தால் பலர் பழையபடி எழுந்து நடமாடுவதே இல்லை. ஆகவே உணவை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆனால் இந்த ஊசியை இந்த வாரமே போட வேண்டாம். நீங்கள் நார்மல் என்று எழுதியிருக்கும் அந்த 1.1-தான் காரணம்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தால் அது உற்பத்தியாவதும் குறையும். கட்டுமஸ்தான இளைஞருக்கு 1.1 என்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. 44 கிலோ எடையுள்ள 68 வயதுப் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல முடியாது. மருந்தின் அளவை முடிவு செய்யப் பயன்படும் ஒரு பழைய கணக்கு உண்டு. நீங்களே போட்டுப் பாருங்கள். 140-லிருந்து வயதைக் கழித்தால் 72. அதை எடையால் பெருக்க வேண்டும். பெண் என்பதால் 0.85-ஆலும் பெருக்க வேண்டும். வருவதை, 72-ஐ (இது வயதுக் கணக்கில் வந்த 72 அல்ல, எல்லோருக்கும் பொதுவான எண்) கிரியாட்டினினால் பெருக்கிய எண்ணால் வகுத்தால் விடை 34. அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 34 மி.லி. அளவுதான் சுத்திகரிக்கிறது. சோலெட்ரோனிக் ஆசிட்டுக்கு இந்த எண் 35-க்குக் கீழே இருக்கக் கூடாது.

லேப் ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் சுத்திகரிக்கும் அளவின் மதிப்பீடு) என்று ஓர் எண் அச்சாகியிருந்தால், அது 55 அளவில் இருக்கும். குழம்ப வேண்டாம். அது சராசரி உடல் பரப்புக்குச் சரிக்கட்டிய எண். ஒல்லியானவர்களுக்குக் கூடுதலாகக் காட்டும். இந்த ஊசியைப் பொறுத்தவரை எடையைச் சேர்த்துப் போட்ட கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் சந்தேகம் இருந்தால், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனை பெரிய நகரங்களின் லேப்களில் கிடைக்கிறது.

34 என்பது எல்லைக்கோட்டை ஒட்டிய எண். இதை மேலே கொண்டுவர வழி இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அம்மா அசெக்ளோஃபெனாக் சாப்பிடுகிறார். உறவினர்கள் ஊசிக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு இந்த மாத்திரைதான் கவலை தருகிறது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. பி.பி.க்கு டெல்மிசார்ட்டன் போன்ற மருந்தும் அதோடு நீர் மாத்திரையும் இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். அதற்காக பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை. அதற்குப் பதிலாக, டாக்டர் சொல்லும் அளவில் பாரசிட்டமால், மூட்டில் தடவும் ஜெல், வெந்நீர் ஒத்தடம் போதும். இரண்டு மூன்று வாரம் கழித்து கிரியாட்டினினை மறுபடி பாருங்கள். 0.9-க்கு இறங்கினால் அதே கணக்கில் சுமார் 42 வரும். அப்போது ஊசிக்குத் தடை இல்லை.

ரத்தம் கொடுக்கும் அன்றே காலைச் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதை வருடம் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இந்த எண் ஏறத் தொடங்கிவிடும்.

எலும்புப் பக்கமும் சில பரிசோதனைகள் பாக்கி: கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு. வைட்டமின் டி முழு வேலை செய்யும் நிலைக்கு மாறுவது பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான். சிறுநீரகம் தளர்ந்தால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். அப்படிப் பலவீனமான எலும்புக்கு வைத்தியமே வேறு. எலும்புத் தேய்வு, சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை மூன்றும் சேர்ந்திருந்தால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். அதனால் ஹீமோகுளோபினும், ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸும் கேளுங்கள்.

மறுபரிசோதனையிலும் எண் 35-க்குக் கீழேயே நின்றால், அதே குடும்பத்தைச் சேர்ந்த அலெண்ட்ரோனேட் வார மாத்திரையும் உதவாது. அப்போது டெனோசுமாப் ஊசியைப் பற்றிப் பேசலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது; சிறுநீரகம் வழியாக வெளியேறாது. ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அது கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். அதனால் முதலில் கால்சியமும் வைட்டமின் டி-யும் சரியாக இருக்க வேண்டும். இன்னொன்று: தவணை தவறினாலோ பாதியில் நிறுத்தினாலோ முதுகெலும்புகள் வரிசையாக முறிந்த நோயாளிகள் உண்டு. தொடர்ந்து போட முடியும் என்றால் மட்டும் ஆரம்பியுங்கள். எந்த ஊசியானாலும் முன்கூட்டியே பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிடுவது நல்லது.

சோலெட்ரோனிக் ஆசிட் போட முடிந்தால், அன்று நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். மருந்தை 15 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். அதற்கும் பாரசிட்டமால்தான்.

வைட்டமின் டி பாக்கெட்டை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, ரத்த அளவு பாருங்கள். 60,000 யூனிட் பாக்கெட்டை வழக்கமாக எட்டு வாரம் போல வாரம் ஒன்று கொடுத்து, பிறகு மாதம் ஒன்றாகக் குறைப்போம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேழ்வரகு நல்லதுதான், 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம். அம்மாவுக்கு நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. தேவை. ஒரு வேளை கேழ்வரகுக் கூழ் அல்லது தோசை, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், கொஞ்சம் கீரை, அசைவம் என்றால் முள்ளோடு நெத்திலி என்று சாப்பிட்டால் பெரும்பகுதி வந்துவிடும். குறைகிற 300, 400 மி.கி.க்கு மட்டும் மாத்திரை போதும். கார்பனேட் வகையென்றால் சாப்பாட்டோடு. கல் வரும் என்று பயந்து பாலை நிறுத்துபவர்கள் உண்டு. உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்வதால் கல் வரும் வாய்ப்பைக் குறைக்கத்தான் செய்யும்.

பிரண்டைத் துவையல் எப்போதாவது சாப்பிடட்டும். நாக்கை அரிக்க வைப்பது அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள்தான். தினமும் சாறாகக் குடிக்க வேண்டாம். சங்கு பஸ்பம், பவள பஸ்பம் ஏதும் எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவையும் கால்சியம்தான், மாத்திரைக் கணக்கில் சேரும். உலோகம் சேர்ந்த பஸ்பங்கள் இந்தச் சிறுநீரகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் முதல் வேலை பாத்ரூம். சுவரில் கைப்பிடி, சொரசொரப்பான தரை, இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு. குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது இரண்டையும் வேறு யாராவது செய்யட்டும்; பல சமயம் முதுகெலும்பு நொறுங்குவது அப்படிக் குனிந்து நிமிரும்போதுதான். மணிக்கட்டு கூடியதும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதைக் காலை மாலை பழக்குங்கள்; முதலில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது உட்கார்ந்த நிலையில் மட்டுமல்லாமல், எழுந்து நின்ற பிறகும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் 20 புள்ளி இறங்கினால், அன்று வழுக்கியது ஈரத்தரையால் மட்டும் இருக்காது, பி.பி. மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும்.