ஒரு கணினி, இரண்டு லேன் கார்டு, ஒரே கேட்வே

கேள்வி: நான் திருமண வீடியோக்களை எடிட்டிங் செய்பவன். என் டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் உள்ள 1 ஜிபிபிஎஸ் லேன் போர்ட், இணைய ரவுட்டருடன் இணைந்துள்ளது. நாஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும்) பெட்டியை நேரடியாக இணைப்பதற்காக 2.5 ஜிபிபிஎஸ் கார்டு ஒன்றைப் பொருத்தி, அதற்கும் 192.168.1 வரிசையிலேயே ஐபி எண்ணும், ரவுட்டரின் எண்ணைக் கேட்வேயாகவும் (இணையத்துக்கு வெளியேறும் வாசலாகவும்) கொடுத்தேன். அந்தக் கேபிளைச் செருகியதும் இணையம் நின்றுவிடுகிறது. கார்டில் பழுதா? இரண்டு கார்டு இருப்பதால் இணைய வேகம் கூடுமா?

பதில்: கார்டு நன்றாகவே இருக்கிறது, எண்களைக் கொடுத்த முறையில்தான் பிழை. ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால், விண்டோஸ் ஒவ்வொரு வழிக்கும் 'மெட்ரிக்' என்னும் மதிப்பைக் கணக்கிட்டு, மதிப்பு குறைந்த வழியையே தேர்ந்தெடுக்கும். தானியங்கி அமைப்பில், வேகம் கூடிய இணைப்புக்குக் குறைந்த மதிப்பு கிடைக்கும். எனவே உங்கள் கணினி 192.168.1.1 என்னும் ரவுட்டரை, அது இல்லவே இல்லாத 2.5 ஜிபிபிஎஸ் கேபிளின் மறுமுனையில் தேடிக்கொண்டிருக்கிறது.

நாஸுக்குத் தனி வரிசை கொடுப்பதே சரியான தீர்வு. முதலில் நாஸின் அமைப்புப் பக்கத்தில், அந்தக் கேபிள் செருகிய போர்ட்டுக்கு 192.168.10.2 என்று மாற்றுங்கள். சேமித்த நொடியில் அந்தப் பக்கம் பதிலளிக்காமல் போகும், அது இயல்பானது. பிறகு கணினியின் புதிய கார்டுக்கு 192.168.10.1, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்து, கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாகவே விடுங்கள். காலியாக விடத் தயங்கி எதையாவது நிரப்புவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. மதர்போர்டு போர்ட்டில் எதையும் தொட வேண்டாம்.

கமாண்ட் பிராம்ப்டில் 'ரூட் பிரிண்ட்' (route print) கட்டளையைக் கொடுத்தால், ஐபிவி4 பட்டியலில் 0.0.0.0 என்று தொடங்கும் வரி, அதாவது கேட்வே வழியைக் காட்டும் வரி, ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். புதிய இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று காட்டினாலும் கவலை வேண்டாம். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.10.2 என்று தட்டினால் உங்கள் கோப்புறைகள் திறக்கும்.

இணைய வேகம் இதனால் அதிகரிக்காது, ஏனெனில் அது உங்கள் இணையத் திட்டத்தின் அளவைப் பொறுத்தது. கோப்புகளை நகர்த்தும் வேகம், நாஸிலும் 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் இருந்தால், நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்டிலிருந்து 280 வரை உயரலாம். ஆனால் நாஸில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், அந்த டிஸ்க்கின் வேகமே எல்லையாகிவிடும்.