மண்டகப்பட்டுல சாமி எங்க?

கேள்வி: சார், செஞ்சிக்கோட்டை பாத்துட்டு விழுப்புரம் திரும்புற வழில மண்டகப்பட்டு குகைக்கோயிலுக்குப் போனோம். என் மாமியார் ஆசையா பூ, சூடம் எல்லாம் வாங்கிட்டு வந்தாங்க. உள்ள பாத்தா மூணு அறையும் காலி. அவங்க முகமே வாடிப்போச்சு. சிலையை யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?
- வாசகி, சேலம்

பதில்: அப்படி நெனைக்க வேண்டியதில்லம்மா. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துக் குகைகள்ல மூலவரைக் கல்லுல வடிக்கல, சுதைங்கிற சுண்ணாம்புச் சாந்துலயோ மரத்துலயோ செஞ்சு வெச்சிருக்கலாம், இல்லன்னா பின்சுவர்ல வரைஞ்சிருக்கலாம்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க, 1400 வருஷத்துல சுதையும் சாயமும் எங்க நிக்கும்?

ஆனா அந்த மூணு அறையும் யாருக்குன்னு அங்கயே எழுதி வெச்சிருக்கு. முகப்புல பல்லவ கிரந்த எழுத்துல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கும், அதைப் பாக்காம வந்திருந்தா திரும்ப ஒரு தடவை போங்க. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில்னு அதுல இருக்கு. விசித்திரசித்தன்ங்கிறது மகேந்திரனோட பட்டப்பேரு. செங்கல்லும் மரமும் வெச்சே கோயில் கட்டிப் பழகின ஊர்ல, அதெல்லாம் அழிஞ்சு போறதைக் கண்ணால பாத்த ஒரு ராஜா, அழியாத ஒண்ணு செய்யணும்னு பாறையைக் கையில எடுத்திருக்கான், அதுவும் லேசுல மசியாத கருங்கல்லு. எனக்கு ஒவ்வொரு தடவை அந்த வரியைப் படிக்கும்போதும் உடம்பு சிலிர்க்கும்.

தூணையும் கிட்ட நின்னு பாருங்க. கீழ சதுரம், நடுவுல எட்டுப் பட்டை, மேல மறுபடி சதுரம், அவ்வளவுதான், பூ வேலை கொடி வேலை எதுவும் கிடையாது. ரெண்டு ஓரத்துலயும் துவாரபாலகர் நேரா நம்மளப் பாத்து நிப்பாங்க. சூடம் மட்டும் உள்ள கொளுத்திடாதீங்கம்மா, தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம், கரி ஏறுச்சுன்னா கல்லுல இருந்து லேசுல போகாது. மூணு வாசல் முன்னாடியும் நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தா போதும்.

மாமியாருக்கு பூஜை நடக்கிற குகைக்கோயிலே வேணும்னா பாண்டிய நாட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. பிள்ளையார்பட்டில பிள்ளையாரைப் பாறையிலயே செதுக்கியிருக்காங்க, தனியா கொண்டு வந்து வெச்ச சிலை இல்ல. திருப்பரங்குன்றத்துலயும் மூலவர் மலையோட மலையா இருக்கிறவர்தான், அதனால அங்க முருகனுக்கு அபிஷேகம் கிடையாது, அவர் கையில இருக்கிற வேலுக்குத்தான் அபிஷேகம். அதைத் தவறாம காட்டுங்க, அவங்க வாங்கிட்டு வர்ற பூவுக்கும் அங்க வேலை இருக்கும்.