அரசியலமைப்புவாதம்: கேள்வி பதில்

கேள்வி: அரசியலமைப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கும் நாடெல்லாம் அரசியலமைப்புவாத நாடுதானே?

இல்லை. ஆட்சியாளரின் அதிகாரத்துக்குச் சட்டம் உண்மையிலேயே எல்லை வகுப்பதுதான் அரசியலமைப்புவாதம். 1936-ஆம் ஆண்டு சோவியத் அரசியலமைப்பின் 125-ஆவது பிரிவு பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் எல்லாவற்றையும் தந்தது. அடுத்த ஆண்டே லட்சக்கணக்கானோர் கைதானார்கள். அந்தக் கைதுகளைச் செல்லாது என்று சொல்லச் சுதந்திரமான நீதிமன்றம் இல்லை. ஆட்சியாளரின் உத்தரவை அவருக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பு ரத்து செய்ய முடிகிறதா, செய்தால் அவர் பணிகிறாரா என்பதுதான் உரைகல்.

கேள்வி: பிரிட்டனில் அப்படி ஒரே ஆவணம் கிடையாதே?

கிடையாது, ஆனால் எல்லை உண்டு. 2019-இல் பிரதமர் சொல்லி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஐந்து வாரம் முடக்கப்பட்டது. அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறுநாளே அவை கூடியது.

கேள்வி: ஓர் அரசியலமைப்பில் முதலில் எதைப் படிக்க வேண்டும்?

உரிமைப் பட்டியலை அல்ல, நெருக்கடிநிலைப் பிரிவை. யார் அறிவிக்கலாம், எத்தனை நாளில் அவையின் ஒப்புதல் வேண்டும், தானாக எப்போது காலாவதியாகும், அப்போதும் கைவைக்க முடியாத உரிமைகள் எவை என்று தேடுங்கள்.

ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு அரசியலமைப்பான வைமர் அரசியலமைப்பு தோற்றது இங்கேதான். 48-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கலாம். அவசர ஆணையைத் திரும்பப் பெறும்படி நாடாளுமன்றம் கோரலாம். ஆனால் அவையைக் கலைக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. 1930-இல் அப்படியே கலைத்தார். அந்த உரிமைகளை நிறுத்திவைத்து 1933 பிப்ரவரி 28-இல் வந்த ஆணைக்குக் கால வரம்பே இல்லை. நாஜி ஆட்சி முடியும்வரை அது நீடித்தது.

இந்தியாவின் 44-ஆவது திருத்தம் (1978) இந்த ஓட்டைகளைத்தான் அடைத்தது: நெருக்கடிநிலை அறிவிக்க அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். 20, 21-ஆவது பிரிவுகளின் உரிமைகளை (குற்ற வழக்கில் பாதுகாப்பு, உயிர், தனிமனிதச் சுதந்திரம்) அப்போதும் நிறுத்திவைக்க முடியாது.

கேள்வி: பெரும்பான்மையை வைத்துத் திருத்தியே எல்லாவற்றையும் மாற்றிவிட்டால்?

ஜெர்மனியின் இன்றைய அடிப்படைச் சட்டத்தில் 79(3) பிரிவு, மனித மாண்பையும் கூட்டாட்சியையும் எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாதபடி காக்கிறது. இந்தியாவில் கேசவானந்த பாரதி வழக்கில் (1973) உச்ச நீதிமன்றம், எந்தத் திருத்தமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது என்று 7-6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

ஆனால் ஆபத்து பெரும்பாலும் சின்னச் சட்டங்கள் வழியாக வருகிறது. நீதிபதிகளின் ஓய்வு வயதை ஹங்கேரி 70-இலிருந்து 62-ஆகக் குறைத்தது. போலந்து தன் உச்ச நீதிமன்றத்தில் 70-இலிருந்து 65-ஆக. ஒரே வீச்சில் பல இருக்கைகள் காலியாகும், நிரப்புவது ஆட்சியிலிருப்பவர்கள். இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தவறென்றது. இத்தகைய மசோதா வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: புதிய வயது இனி நியமிக்கப்படுவோருக்கா, இப்போது பதவியில் இருப்போருக்குமா?